கோகிலவாணியின் வலி ஊர் சுற்றப் போன கதை

நொச்சிப்புதூரில் எந்த நோவுக்கும் ஒரே பெயர்தான், சூடு. கண் எரிந்தால் சூடு, முடி கொட்டினால் சூடு, வாயில் புண் வந்தால் சூடு, மருமகள் எதிர்த்துப் பேசினால் அதுவும் சூடு. அந்த ஊரில் பிறந்து, அந்த ஊர் பேக்கரிக்காரர் மயில்சாமிக்கே வாக்கப்பட்டு, அந்த ஊர்ப் பெண்களுக்கெல்லாம் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த கோகிலவாணிக்கு, இரண்டாவது பெண் பிறந்த வருஷத்திலிருந்து அடிவயிற்றின் இடது பக்கம், இடுப்பெலும்புக்குச் சற்று உள்ளே தள்ளி, ஒரு வலி குடியிருந்தது. காலையில் எழும்போது பூனைக்குட்டி மாதிரிச் சுருண்டு கிடக்கும். பொழுது ஏற ஏற நிமிர்ந்து உட்காரும். சாயங்காலம் கடைசி மாணவியை இறக்கிவிட்டு வண்டியை நிறுத்தும்போது, ஈரமண் மூட்டை ஒன்றை இடுப்பில் கட்டித் தொங்கவிட்டாற்போல் இழுத்துக்கொண்டு தொடைவரைக்கும் இறங்கியிருக்கும்.

ஊரே வைத்தியம் சொன்னது. மோர் குடி, வெந்தயம் முழுங்கு, தொப்புளில் விளக்கெண்ணெய் வை, சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி. குளித்தாள். ஒரு டாக்டர் படுக்க வைத்து ஸ்கேன் எடுத்து ஒண்ணுமில்லை என்றார். இன்னொருவர் கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்றார், என்னத்துக்கு என்று கேட்டதற்கு இருந்து மட்டும் என்னத்துக்கு என்றார். மூன்றாமவர் கோயில் குளம் போய் வந்தால் மனசு லேசாகும் என்றார். மயில்சாமி நல்ல மனுஷன்தான், குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், ஆனால் அவரும் வெங்காயப் பஜ்ஜிக்கு மாவைக் கரைத்துக்கொண்டே, "எல்லாப் பொம்பளைகளுக்கும் இருக்கறதுதான அம்மிணி" என்று சொல்லிவிடுவார். அந்த ஒரு வார்த்தை, வலியைவிட அரைவிரற்கடை கூடுதலாக உள்ளே இறங்கும்.

அப்படி இருக்கையில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த சின்ன நர்சிங் ஹோமுக்கு, நாகர்கோவில் பக்கத்திலிருந்து ஜெசிந்தா என்று ஒரு டாக்டரம்மா வந்து சேர்ந்தார். வரும்போது அவர் ஒரு கேமராவும் கொண்டுவந்தார். கரண்ட் ஆபீஸ்காரர்கள் தூரத்தில் நின்றபடியே டிரான்ஸ்பார்மரில் எந்த முடிச்சு சூடேறிக் கிடக்கிறது என்று பார்ப்பார்கள் அல்லவா, அந்தக் கேமராவுக்கு இது தங்கச்சி.

"இது தொடாது, குத்தாது, உள்ள எதையும் விடாது" என்றார் டாக்டர். "தோலுக்கு மேல எங்க சூடு கூடுதல்னு நிறத்துல காட்டும். என்ன நோயின்னு இது சொல்லாது. எந்தப் பக்கம் தேடணும்னு ஒரு கை காட்டும், அவ்வளவுதான்."

"சூடுதான்னு எங்கூர்ல எல்லாரும் சொல்லிப்போட்டாங்களேங்க, அதுக்கெதுக்குங்க கேமரா?" என்றாள் கோகிலவாணி.

"சொன்னவங்க யாராவது பாத்தாங்களா?"

இல்லை என்று தலையாட்டினாள். அது வரைக்கும் யாரும் பார்த்ததில்லை.

சாயங்காலம், வலி நன்றாக நிமிர்ந்திருக்கும் நேரமாகப் பார்த்து வரச் சொல்லி, ஏசி போட்ட அறையில் உடம்பு ஆறும்வரை நிற்கவைத்து, டாக்டர் படம் பிடித்தார். திரையில் கோகிலவாணி தெரிந்தாள். கைகள் நீலமாக, தோள்கள் பச்சையாக, நெஞ்சு மஞ்சளாக, கிளிக்கூட்டத்தில் நின்ற பெண் மாதிரி இருந்தாள். அடிவயிற்றின் இடது பக்கத்தில் மட்டும், நன்றாகப் பழுத்த பப்பாளி அளவில், ஓரம் ஆரஞ்சும் நடு சிவப்புமாக அது உட்கார்ந்திருந்தது. கோகிலவாணி அதைப் பார்த்தாள். இத்தனை வருஷம் கூடவே இருந்த ஒன்றை முதல்முறையாக முகத்துக்கு முகம் பார்க்கிறவளுக்கு எப்படி இருக்கும்? அவளுக்கு அழுகை வந்தது, அழுகையோடு ஒரு சிரிப்பும் வந்தது. "இருக்குதுங்கல்ல?" என்றாள். "இருக்குதுங்கல்ல டாக்டர்?"

"இருக்கு" என்றார் டாக்டர்.

அந்த வார்த்தை காதில் விழுந்ததும் வலி எழுந்துகொண்டது. மதில்மேல் படுத்திருந்த பூனை சோம்பல் முறித்து இறங்குகிற மாதிரி, அவசரமில்லாமல், கோகிலவாணியின் இடுப்பிலிருந்து தரைக்கு இறங்கியது. திரையில் இருந்த அதே நிறம், அதே அளவு. அறையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கதவருகே போய் நின்றது. நர்ஸ் தமயந்தி திரைச்சீலையை ஒதுக்கிவிட்டாள். வலி வெளியே போயிற்று.

"அடடா, படத்தைச் சேமிக்கலையே" என்றார் டாக்டர்.

"வெளிய தார் ரோடு கொதிக்குது, செருப்பில்லாமப் போகுது பாருங்க" என்றாள் தமயந்தி.

கோகிலவாணி இடுப்பில் கை வைக்காமல் நேராக நின்றுகொண்டிருந்தாள். இவ்வளவு உயரமா நாம் என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

அது கெட்ட வலி என்று சொல்ல முடியாது. யாரையும் துரத்தாது, யார் மேலும் தாவாது. அவளோடு சேர்ந்து அலைந்த இத்தனை வருஷமும் அது ஒரு இடத்தில் நிம்மதியாக உட்கார்ந்ததில்லை, அதனால் உட்கார இடம் தேடியது, அவ்வளவுதான். ஆனால் அது உட்கார்ந்திருக்கும் இடத்தில் இன்னொருத்தர் போய் உட்கார்ந்துவிட்டால், அவர் இடுப்புக்குள் ஏறிக்கொள்ளும். கொஞ்ச நேரம் இருக்கும், அலுத்துப்போனால் தானாக இறங்கி அடுத்த இடம் பார்த்துப் போகும்.

முதலில் அது போய் உட்கார்ந்தது மயில்சாமியின் பேக்கரி முன்னால் கிடக்கும் பெஞ்சில். பேரூராட்சித் தலைவர் ஆறுச்சாமி டீ குடிக்க வந்தவர், சாய்ந்த வெயில்தான் பெஞ்சில் விழுந்திருக்கிறது என்று நினைத்து, வேட்டியை ஒதுக்கிக்கொண்டு வெயிலின் மேல் உட்கார்ந்தார். டீ கிளாஸ் ஒரு பக்கம் போயிற்று, ஆறுச்சாமி ஒரு பக்கம் போனார்.

"ஐயோ மயிலு, நெஞ்சு... இல்ல, நெஞ்சுக்குக் கீழ... இன்னும் கீழடா..."

ஆம்புலன்ஸ் வந்தது. ஈரோட்டில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஒயர் ஒயராக ஒட்டிப் பார்த்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், படுக்க வைத்து ஸ்கேன் எடுத்தார்கள். கடைசியில் மீசை அரும்பிய சின்ன டாக்டர் ஒருவர் வந்து, "ஒண்ணுமில்லீங்க ஐயா. கேஸா இருக்கும்" என்றார்.

"கேஸா? உசுர் போற மாதிரி வலிக்குது, கேஸ்ங்கறே?"

"மனசை லேசா வெச்சுக்குங்க. உங்க வயசுல சகஜந்தானுங்க."

ஆறுச்சாமி வாழ்நாளில் பலரிடம் பல பொய்களைச் சொல்லியிருக்கிறார், ஆனால் தான் உண்மை சொல்லி அடுத்தவர் நம்பாமல் போனது அதுதான் முதல் தடவை. கட்டிலில் புரண்டு புரண்டு, "வலிக்குதுடா, நெசமாலுமே வலிக்குதுடா" என்று கத்தினார். நர்சுகள் கதவைச் சாத்திவிட்டுப் போனார்கள். ஆம்புலன்சில் வந்த வலியோ அவரை விட்டு இறங்கி, வெளியே நடந்து, டவுன் பஸ் ஏறி நொச்சிப்புதூருக்குத் திரும்பிவிட்டது.

அதன் பிறகு ஊருக்குப் பழகிப்போயிற்று. எதற்குத்தான் பழகவில்லை நொச்சிப்புதூர்? பஸ்ஸில் கண்டக்டர், "மூணாவது சீட்டுல வலி இருக்குதுங்க, பாத்து உக்காருங்க" என்று குரல் கொடுத்துவிட்டு டிக்கெட் கிழிக்கப் போனார். சலூனில் ஒரு நாற்காலியை அதற்கென்று விட்டார்கள். கல்யாண வீட்டில் அது பந்தியில் உட்கார்ந்துவிட்டதால் அந்த இடத்துக்கும் இலை போட்டு, இனிப்பு மட்டும் வைத்தார்கள். சூட்டைக் கண்டால் கோழிகளுக்குச் சந்தோஷம், அது எங்கே உட்கார்ந்தாலும் சுற்றிலும் நாலு கோழி அடைகாக்க வந்து படுத்தது. கோழிக்கு அதனால் ஒரு கெடுதலும் வரவில்லை. "நான் அன்னைக்கே சொன்னனல்ல, சூடுன்னு?" என்று ஊரில் பாதிப்பேர் மீதிப்பேரிடம் பெருமையடித்துக்கொண்டார்கள். பூசாரி ஒருவர் சூட்டம்மன் என்று பெயர் வைத்து ஒரு மேடை கட்டலாம் என்றார். பூசையின்போது மேடைக்குப் பக்கத்தில் உட்காருவது யார் என்று கேட்டார்கள், பேச்சு அதோடு நின்றது.

ஒரு முறை இளவட்டங்கள் சேர்ந்து, மீன் வண்டியில் ஒரு சோபாவை ஏற்றி, அதில் வலி வந்து உட்காரும்வரை காத்திருந்து, கொண்டுபோய்ப் பக்கத்து ஊர் எல்லையில் இறக்கிவிட்டு வந்தார்கள். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் மூணாவது சீட்டில் அது வந்து இறங்கியது. சோபாதான் திரும்பி வரவில்லை.

ஆனால் கண்டக்டர் மட்டும் ஒரு விஷயத்தை யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடியாமல், ஒருநாள் பேக்கரியில் வந்து சொன்னார். சந்தைநாளில் கூட்டம் தாங்கவில்லை. அவர் கத்துவதற்குள் சின்ன வெங்காயம் வாங்கி வந்த ஒரு அம்மா மூணாவது சீட்டில் உட்கார்ந்துவிட்டார். ஐயோ என்று ஓடினால், அந்தம்மா மடியில் வெங்காயத்தைக் கொட்டி உரித்துக்கொண்டிருக்கிறார்.

"ஏனுங்கம்மா, உங்களுக்கு வலிக்கலீங்களா?"

"வலிக்குது."

"அப்பறம் எந்திரிக்கலீங்களா?"

"எந்திரிச்சா மட்டும்? இந்தப் பக்கம் இது, அந்தப் பக்கம் என்ற சொந்த வலி. பாரம் சமமா இருக்குது, நீ போய் டிக்கெட்டக் கிழி."

கேட்டுக்கொண்டிருந்த ஆண்கள் டீ கிளாஸைக் கீழே வைத்தார்கள். மயில்சாமி அடுப்பைச் சிறிதாக்கினார்.

கோகிலவாணியோ அந்த நாட்களில் புதிதாகப் பிறந்தவள் மாதிரி இருந்தாள். குப்புறப் படுத்துத் தூங்கினாள். சென்னிமலைப் படியை நிற்காமல் ஏறி இறங்கினாள். பெண்கள் இரண்டுபேரையும் கூட்டிக்கொண்டு தியேட்டருக்குப் போய், மோசமான படம் ஒன்றை முழுசாக உட்கார்ந்து பார்த்தாள், உட்கார்ந்திருப்பதற்காகவே பார்த்தாள். முன்பெல்லாம் மாணவிகள் கிளட்சை விட்டு வண்டியைக் குலுக்கினால் பல்லைக் கடித்துக்கொண்டு எரிந்து விழுவாள், இப்போது, "பரவால்ல கண்ணு, இன்னொருக்கா விடு" என்றாள். டீச்சருக்கு உடம்பு ஏதாவது சரியில்லையா என்று மாணவிகள் பயந்தார்கள்.

வலியை வழியில் பார்த்தால் ஹாரன் அடித்துவிட்டுப் போவாள். அதுவும் ஒதுங்கி நிற்கும்.

ஒருநாள் மயில்சாமி கல்லாவுக்குப் பின்னால் வலி உட்கார்ந்திருந்த ஸ்டூலில், பார்த்தே, தெரிந்தே, போய் உட்கார்ந்தார். மத்தியானம் முழுக்க எழவில்லை. பஜ்ஜி கருகியது, பால் பொங்கியது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் வெளுத்திருந்தது.

"இதோடவா அம்மிணி நீ எங்கக்கா மகன் கல்யாணத்துல சமையலுக்கு நின்னே?"

"ஆமாங்க."

"இதோடவா வண்டி ஓட்டுனே?"

"ஆமாங்க."

"நான் என்ன சொன்னேன் அப்ப?"

"எல்லாப் பொம்பளைகளுக்கும் இருக்கறதுதானன்னு சொன்னீங்க."

மயில்சாமி தரையில் உட்கார்ந்தார். "எல்லாருக்குமேவா இப்படி இருக்குது?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை அவர் மெய்யாகவே கேட்டார். கோகிலவாணி அவருக்கு வெந்நீர்ப் பை வைத்துக் கொடுத்தாள்.

ஆனால் ஊர் எத்தனை நாள் பொறுக்கும்? பேரூராட்சிக் கூட்டத்தில் தலைவர் நாற்காலியிலேயே வலி போய் உட்கார ஆரம்பித்ததும், ஆறுச்சாமி கல்யாண மண்டபத்தில் ஊரைக் கூட்டினார். எல்லாரும் நாற்காலியைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தார்கள். முதல் வரிசை ஓரத்தில் வலியும் ஒரு நாற்காலியில் இருந்தது.

"இதா பாரு அம்மிணி" என்றார் ஆறுச்சாமி. "பொருளு உன்ற பொருளு. மாடு அவுத்துக்கிட்டு ஊருக்குள்ள வந்தா, மாட்டுக்காரந்தான புடிச்சுக் கட்டோணும்?"

கோகிலவாணி எழுந்து நின்றாள். "மாடுன்னாப் புடிச்சுக் கட்டிப்போடுவனுங் மாமா. ஆனா என்ற வயித்துல இருந்தப்ப, மாடே இல்லீன்னுதான எல்லாரும் சொன்னீங்க? ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னு ஊரே சொல்லுச்சு. ஒண்ணுமில்லாததை நான் எப்படிங் மாமா புடிச்சுக் கட்டறது?"

பெண்கள் பக்கத்தில் யாரோ கை தட்டினார்கள். பிறகு அது யாரோவாக இல்லாமல் எல்லாருமாக ஆயிற்று. ஆறுச்சாமி துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

அப்போது பின்வரிசையிலிருந்து டாக்டர் ஜெசிந்தா எழுந்து முன்னால் வந்தார். அவர் பேசியது ஊருக்கு இல்லை, கோகிலவாணிக்கு.

"நேத்து மறுபடி உங்களைப் படம் எடுத்தேன்ல? முழுக்க நீலமும் பச்சையுமா, சுத்தமா இருந்துச்சு. நீங்க சந்தோஷப்பட்டீங்க. எனக்குப் பயமா இருக்கு. வலிங்கிறது வீட்டு நாய் மாதிரி. திருடன் வந்தா குலைக்கும். உங்க நாய் ஊர் சுத்தப் போயிருக்கு, திருடன் வீட்டுக்குள்ளயேதான் இருக்கான். என்ன பண்றான்னு எனக்குத் தெரியல. இடது பக்கம் ஏதோ சூடேறுதுன்னு ஒரு தடவை பாத்தேன், ஆனா இப்ப எங்கன்னு வெச்சுத் தேடறது? கோயம்புத்தூர்ல நிக்க வெச்சு ஸ்கேன் எடுக்கிற இடம் இருக்கு. நாள் வாங்கியிருக்கேன், ஆடி முடிஞ்சு. அன்னைக்காவது இது உங்ககிட்டத் திரும்பி வரணும்."

கோகிலவாணிக்கு, உட்காரலாம் என்று பார்த்தால், உட்காரவும் பயமாக இருந்தது. குப்புறப் படுத்துத் தூங்கிய தூக்கமெல்லாம் கண்முன் வந்து போயிற்று. ஓரத்து நாற்காலியைப் பார்த்தாள். சிவப்பும் ஆரஞ்சுமாக, ஒரு தப்பும் செய்யாதது மாதிரி அது அங்கேயே இருந்தது. யோசித்துப் பார்த்தால், அது ஒரு தப்பும் செய்யவில்லைதான்; இத்தனை வருஷமும் குலைத்துக் குலைத்துச் சொல்லியிருக்கிறது, கேட்கத்தான் ஆள் இல்லை.

"எடுத்துக்கறேன்" என்றாள். மண்டபம் மூச்சு விட்டது. "ஆனா ஆடி முடிஞ்சு அந்த நாள் வர்ற வரைக்கும் நான் தனியா வெச்சுக்க மாட்டேன். வாய்க்கால்ல முறைத்தண்ணி விடறமில்ல? அதாட்டமா ஊட்டுக்கு ஊடு முறை போட்டு வெச்சுக்குங்க. எல்லா ஊட்டுலயும் ஒரு முறை. ஆம்பளைங்க பேர்லதான் முறை."

முறைத்தண்ணீர் என்றதும் ஆறுச்சாமியால் மறுக்க முடியவில்லை. அந்த ஊரில் வாய்க்கால் முறையை மீறியவனுக்குப் பெண் கொடுக்க மாட்டார்கள்.

முறை வந்தது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் தன் முறையில் பாதிநாள் உட்கார்ந்துவிட்டு, மீதிநாள் தன் பழைய மாணவிகளில் வயிற்றுவலி என்று லீவு கேட்டு அடி வாங்கியவர்களின் பெயர்களை நினைவுபடுத்திக்கொண்டிருந்தார். ஜோசியர் ராகுகாலம், எமகண்டம், குளிகை என்று தள்ளிப்போட்டு, கடைசியில் தன் வாயாலேயே குறித்த நல்ல நேரத்தில் மாட்டிக்கொண்டார். கறிக்கடைக்காரர் அழுதார். வலி எந்த வீட்டுக்குப் போனாலும் அந்த வீட்டுப் பெண்கள் வந்து அதன் எதிரே உட்கார்ந்து, முதலில் கோகிலவாணியைப் பற்றிப் பேசினார்கள், பிறகு மெதுவாகத் தங்களைப் பற்றிப் பேசினார்கள். எனக்கு வலது பக்கம். எனக்கு முதுகோடு சேர்ந்து. எனக்கு மாதத்தில் பாதிநாள். இத்தனை வருஷம் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள் இதைச் சொல்லிக்கொண்டதில்லை.

ஆடி முடிந்து நாள் வந்தது. முதல்நாளிலிருந்து முறை ஆறுச்சாமியின் வீட்டில். கோகிலவாணி வண்டியை எடுத்துக்கொண்டு போனால், வாசலில் ஆறுச்சாமி கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார்.

"எங்கூட்டுக்காரி குடுக்க மாட்டேங்கறா அம்மிணி."

ஆறுச்சாமியின் மனைவி வள்ளியாத்தாள் அதிகம் பேசாத மனுஷி. கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்காருவார், முதல் ஆளாகப் போய் அடுப்புப் பற்றவைப்பார். இப்போது உள்ளே, ஊஞ்சல் பலகையில், புருஷன் பேரில் வந்த வலியைத் தன் இடுப்பில் ஏற்றிக்கொண்டு ஆடாமல் உட்கார்ந்திருந்தார். நெற்றியில் வேர்த்திருந்தது.

"அத்தை, இன்னைக்கு எனக்கு இது வேணுமுங்க அத்தை. டாக்டர் காத்துட்டிருக்காங்க."

"நேத்துல இருந்து உங்க மாமன் காப்பி போட்டுக் குடுக்கறாருடி" என்றார் வள்ளியாத்தாள். "வலிக்குதா வள்ளின்னு கேக்கறாரு. வலிக்குதுன்னு சொன்னா நம்பறாரு. எனக்குன்னு ஒண்ணு முப்பது வருஷமா இருக்குது. சொன்னதில்ல. சொன்னா என்ன சொல்லுவாருன்னு தெரியும். இது போயிட்டா, அதை ஆரு நம்புவா?"

வாசலில் நின்ற ஆறுச்சாமிக்குக் காதில் விழுந்தது. அவர் கதவு நிலையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், காப்பி டம்ளரைப் பார்த்தார்.

கோகிலவாணி ஊஞ்சலில் வள்ளியாத்தாள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "அடுத்தாப்பல உங்களைக் கூட்டிட்டுப் போறனுங்க அத்தை. நானே வண்டி எடுத்துட்டு வர்றேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

வள்ளியாத்தாள் யோசித்தார். பிறகு கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். வலி ஒருத்தியிடமிருந்து இறங்கி மற்றவளிடம் ஏறியது. பழைய வீட்டுக்குத் திரும்பியவர் விளக்கு சுவிட்சைத் தடவாமலே போடுவது மாதிரி, அதே இடது பக்கம், அதே மூலையில் போய் உட்கார்ந்தது. கோகிலவாணி, "அம்மா" என்று குனிந்தாள். "வா" என்று அதனிடம் சொன்னாள். "வந்து காட்டிக்குடு."

வழியில் நர்சிங் ஹோமில் நிறுத்தி ஜெசிந்தா ஒரு படம் பிடித்து, இம்முறை சேமித்துவிட்டு, கூடவே வண்டியில் ஏறினார். கோயம்புத்தூரில் நிற்கவைத்து ஸ்கேன் பார்த்தார்கள். அடிவயிற்றுக்குள் இடது பக்கம் ரத்தக்குழாய்கள், நின்றே வேலை செய்பவர்களுக்குக் காலில் முடிச்சு முடிச்சாக வீங்குமே, அதே மாதிரி வீங்கிப் பின்னிக் கிடந்தன. படுக்க வைத்துப் பார்த்தால் வடிந்துவிடும், அதனால்தான் யார் கண்ணிலும் படவில்லை. கர்ப்பப்பை தன்பாட்டுக்குச் சும்மா இருந்தது. நூல் மாதிரிக் குழாய் ஒன்றை உள்ளே விட்டு வீங்கிய வழிகளை அடைத்து, மறுநாள் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வலி உடனே போய்விடவில்லை. பப்பாளி மாங்காயாயிற்று, மாங்காய் எலுமிச்சையாயிற்று, எலுமிச்சை சுண்டைக்காயாயிற்று. இப்போதும் எப்போதாவது ஒருநாள், நீண்ட தூரம் ஓட்டினால், எட்டிப் பார்க்கும். கோகிலவாணி வண்டியை ஓரமாக நிறுத்தி, என்ன என்று கேட்பாள். ஒண்ணுமில்லை என்று சொல்வதில்லை.

கார்த்திகையில் சொன்னபடி வள்ளியாத்தாளைக் கூட்டிக்கொண்டு ஜெசிந்தாவிடம் போனாள். ஆறுச்சாமியும் பின்சீட்டில் ஏறிக்கொண்டார், யாரும் கூப்பிடவில்லை. குளிர்ந்த அறையில் வள்ளியாத்தாளை நிற்கவைத்துப் படம் பிடித்தார்கள். நீலம், பச்சை, மஞ்சள். எங்கேயும் சிவக்கவில்லை. ஆறுச்சாமி எட்டிப் பார்த்து, "அப்ப ஒண்ணு..." என்று ஆரம்பித்தார்.

டாக்டர் திரும்பினார். "கேமராவுக்குத் தெரியலன்னா, கேமராவுக்குத் தெரியலன்னுதான் அர்த்தம் ஐயா. நீங்க கொஞ்சம் வெளிய இருங்க."

திரைச்சீலையை இழுத்துவிட்டு, கேமராவை மூடி வைத்துவிட்டு, ஸ்டூலை இழுத்து வள்ளியாத்தாளின் எதிரே போட்டு உட்கார்ந்தார். "சொல்லுங்கம்மா. முதல்ல எப்ப ஆரம்பிச்சது?"

வள்ளியாத்தாள் டாக்டரைப் பார்த்தார், கோகிலவாணியைப் பார்த்தார், முந்தானையைச் சரிசெய்துகொண்டார். "அது வந்துங்க, எனக்குக் கல்யாணம் ஆன வருஷம்..." என்று தொடங்கினார்.

கோகிலவாணி மெதுவாக வெளியே வந்து கதவைச் சாத்தினாள். பெஞ்சில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள். ஆறுச்சாமி நின்றுகொண்டிருந்தார். வெயில் சன்னலில் இருந்து சுவருக்கு நகர்ந்தது. உள்ளே இருந்து குரல் மட்டும், நிற்காமல், ஏறாமல் இறங்காமல், வாய்க்காலில் தண்ணீர் வருகிற மாதிரி வந்துகொண்டே இருந்தது. டீக்குச் சொல்ல தமயந்தி வெளியே வந்தாள்.

"நர்சம்மா, இன்னுமா அவ சொல்லிக்கிட்டிருக்கா?" என்றார் ஆறுச்சாமி.

"இப்பத்தானுங்க ரெண்டாவது குழந்தை பொறந்திருக்குது" என்றாள் தமயந்தி. "மொத்தம் எத்தனைங்க உங்களுக்கு?"

"நாலு" என்றார் ஆறுச்சாமி. பெஞ்சைத் தடவிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.